ஓசையில்லா எழுத்து

என் பெயரில் ஓர் எழுத்து அதிகம்.
தபால்காரர் அதை உச்சரிப்பதில்லை,
என் மனைவியும் இல்லை.
பிரெஞ்சில் எச் என்பது
சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கும் ஆள்.
ஆனால் கையெழுத்தில் விட்டுவிட்டால்
வங்கியில் பணம் தரமாட்டார்கள்.

போஸ்துமோ என்றுதான் அம்மா சொன்னாளாம்.
கையில் மூன்று நாள் பிள்ளை,
நகராட்சிச் சன்னலோரம் சொட்டும் குடை.
பெல்ஜியம் வந்து இரண்டு வருடத்தில்
அவள் கற்றது நான்கு சொல்:
ரொட்டி, கரி, எவ்வளவு, இல்லை.

குமாஸ்தா ஹ்யூபேன் கெட்டவர் அல்ல.
லத்தீன் படித்தவர், அவ்வளவுதான்.
பேனாவை மையில் தோய்த்து
டீக்கும் யூவுக்கும் நடுவே
ஓர் ஏணியை நிறுத்தினார்.
இரண்டு கால், ஒரே படி.
"ஹூமுஸ் என்றால் மண், மாதாம்.
தகப்பனைப் புதைத்த பின் பிறந்தவன்
என்று பொருள். பொருத்தமான பெயர்."
அம்மா தலையாட்டினாள்.
நாலு சொல்லில் எதுவும் அதில் இல்லை.

டிராம் ஓட்டிய காலத்தில்,
கடைசி நிறுத்தத்தில் பதினோரு நிமிட ஓய்வு.
அதில்தான் அகராதி படித்தேன்.
போஸ்துமுஸ்: கடைசியானவன்.
வெறும் கடைக்குட்டி.
ரோமில் தகப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்க,
ஒலிவக் கொட்டையைத் துப்பிக்கொண்டே
போதும் இனி என்று வைத்த பெயர்.
அதில் குழி இல்லை. மண்வெட்டி இல்லை.
பின்னால் வந்த பண்டிதர் யாரோ
சொல்லைக் காதருகே பிடித்துப் பார்த்து
மண் சரிகிற ஓசை கேட்கிறதே என்றார்கள்.
கேட்டவர்கள் எழுதினார்கள்,
எழுதியதைப் பார்த்து எழுதினார்கள்.
ஒரு செவிக்கோளாறு
எழுத்தாகி, உயிலாகி, சட்டமாகி
மோன்ஸ் பக்கத்து நிலக்கரி ஊருக்கு
ஆயிரத்தைநூறு வருடம் நடந்து வந்தது,
என்மேல் ஏற.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகத்தில்
பீட்ரூட் வயலில் உழவு கிளப்பிய காசொன்று.
காலியாவை ஆண்ட யாரோ, சுருட்டைத் தாடி.
விளிம்பைச் சுற்றி என் பெயர்.
கண்ணாடிமேல் விரல் வைத்து எண்ணினேன்.
எச் இல்லை.
காவலர் விரலை எடுக்கச் சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
நான் பிறந்தபோது
அப்பாவைப் புதைத்திருக்கவில்லை.
அறுநூற்று நாற்பது மீட்டர் கீழே,
தீ அடங்கட்டும் என்று
வாயைச் சுவர் வைத்து அடைத்த சுரங்கத்தில்
அவர் இருந்தார், யாரும் வைக்காமல்.
கூண்டு அவரை மேலே கொண்டுவந்தது
எனக்கு ஐம்பத்திரண்டாம் நாள்.
பித்தளை வில்லை, எண் முன்னூற்றுப் பதினெட்டு.
அதைத்தான் அம்மா அடையாளம் காட்டினாள்.
ஆக, மண் முதலில் என்மேல் விழுந்தது,
பதிவேட்டில், நீல மையில்.
அவர் மேல் பிறகு.

கடைக்குட்டியும் அல்ல நான்.
ரொட்டிக்கடை போலந்துக்காரரை அம்மா மணந்து
வாண்டா பிறந்தாள், பிறகு கஸிமீர்.
எந்தப் பக்கம் திருப்பினாலும்
எனக்குப் பொருந்தாத சட்டை.

பிறகு ஏன் இதை வைத்தாய் என்று
ஒரே ஒருமுறை கேட்டேன்.
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.
"நானா வைத்தேன்?
உன் அப்பன் வைத்தது.
உனக்கு முன்னால் நாலு. நீ வயிற்றில்.
அவர் ஊர்க் கழுதைக்காரன் ஒருவனுக்கு அந்தப் பேர்,
பதினோராவது பிள்ளை.
இதுவும் போஸ்துமோதான் எர்சிலியா,
இதோடு கடையைச் சாத்துவோம் என்று
என் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டி
சிரித்துக்கொண்டே காலை ஷிஃப்டுக்குப் போனார்."
தோல் அறாமல் நீளமாய் இறங்கியது.
"அன்றைக்குத்தான்," என்றாள்.

நேற்று நகராட்சிக்குப் போனேன்.
பெயர்த் திருத்தப் படிவம், இரண்டு பக்கம்.
காரணம் என்ற கட்டத்தில்
வைத்தவர் உயிரோடு இருந்தார்,
சிரித்தார் என்று எழுதினேன்.
அந்தப் பெண் இரண்டு தரம் படித்தாள்.
இதற்கு ஆவணம் ஏதும் உண்டா, ஐயா?
இல்லை என்றேன்.
அம்மாவின் நாலில் ஒன்று.
சன்னலோரம் வைத்த குடையை எடுத்துக்கொண்டேன்.
வெளியே இன்னும் தூறல்.